விடியற்காலை ஐந்தரைக்கு விற்ற யூரியா

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து என் முகநூல் பக்கம் முழுக்க ஒரே அறிவுரை. பழைய மடிக்கணினியைக் காயலான் கடையில் போடாதீர்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், புத்தம் புதிதாக ஓடும் என்கிறார்கள். நீடாமங்கலம் பக்கம் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான். ஆறு வருடமாக லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியோடு குடித்தனம் நடத்துகிறேன். அதை விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் அந்தப் 'புத்தம் புதிதாக' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

என்னுடையது தம்பிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு இலவச மடிக்கணினி. அதில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சொல்லித்தர யாரும் இல்லை, பிறகு எப்படிப் பார்ப்பார்கள்? தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்தேன். விண்டோஸ் திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். லினக்ஸில் பல வகை உண்டு; அவற்றில் டெபியன் என்பதை ஒட்டிய இலகுவான ஒன்றைப் போட்டேன்.

முதல் நாளே வைஃபை இல்லை. வைஃபை சில்லுக்கு வேண்டிய மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும்; இணையம் வர வேண்டுமானால் அந்த மென்பொருள் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். கடைசியில் செல்பேசியை யுஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் வழியாக இணையம் வாங்கி இறக்கினேன். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய மென்பொருள்களை, லினக்ஸைக் கணினியில் போட்டுத்தரும் நிறுவியிலேயே சேர்த்துவிடுகிறார்கள் என்பதால் இன்று பலருக்கு இந்தப் பாடு இருக்காது.

வேகம் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மடிக்கணினிக்கு வந்த வேகத்தில் பாதி லினக்ஸ் தந்தது. மீதி, சுழலும் வட்டைக் கழற்றிவிட்டு மாட்டிய எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான சேமிப்பகம் தந்தது. இதைச் சொல்லாமல் பெருமை முழுவதையும் லினக்ஸுக்கே கொடுப்பவர்கள் உண்டு. இன்னொன்று, லினக்ஸ் இரண்டு ஜிபி நினைவகத்தில் ஓடும், இன்றைய இணையதளங்கள் ஓடாது. உலாவியில் நான்காவது பக்கத்தைத் திறந்தால் மூச்சுத் திணறுகிறது. இசட்ராம் என்று ஒரு வசதி இருக்கிறது. நினைவகத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் தரவைச் சுருக்கி அடுக்கிவைக்கும். மழைக்கு முன் களத்து நெல்லை அள்ளிக் குவித்து மூடுகிற மாதிரி. அதைப் போட்ட பிறகு ஆறு பக்கம் வரை தாங்குகிறது.

மூடியை மூடினால் உறங்கும், திறந்தால் விழிக்காது. ஆகவே மூடினாலும் உறங்காதே என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அதை மறந்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். இறங்கி வெளியே எடுத்தபோது இட்லிப் பானையைத் தொட்டது போலச் சுட்டது. இப்போது பையில் வைப்பதற்கு முன் அணைத்துவிடுகிறேன். இதுதான் என் தொழில்நுட்பத் தீர்வு, சிரிக்க வேண்டாம்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து ஒரு சம்பா பருவத்தில் நடந்தது. பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மதியத்திலிருந்து மழை. மின்சாரம் போய் வந்தது. என் மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது என்பதால் அதுவும் கூடவே அணைந்து எழுந்தது. எழும்போது கறுப்புத் திரையில் ஒரு முறையீடு: வட்டு கடைசியாக ஏற்றப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதாம். அதைக் கடந்து உள்ளே போனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை, எல்லாமே பாதுகாப்பற்றவை என்கிறது. வங்கித் தளம், காப்பீட்டுத் தளம், நாளிதழ், அத்தனையும்.

அரை மணி நேரம் இணையத்தைத் திட்டினேன். பிறகுதான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2012 ஜனவரி 1.

கணினிக்குள் இருக்கும் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூன்று வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினி தன் பிறந்த காலத்துக்கே திரும்பிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2012இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு இந்த வருடச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைக் கையால் திருத்தினேன், எல்லாம் திறந்தது. இரவு ஒன்பதே காலுக்கு அண்ணன் ரசீதோடு எழுந்தார். மறுநாள் கைக்கடிகாரக் கடையில் அந்தப் பேட்டரி வாங்கி, பதினோரு திருகாணிகளைக் கழற்றி மாட்டினேன். மூடும்போது இரண்டு திருகாணி மிஞ்சியது. இன்றுவரை மிச்சம்தான்.

இவை என் கணினியில் நான் பட்ட பாடு. என் நேரம், என் பொறுமை, யாருக்கும் நட்டமில்லை. நான் செய்த தவறு வேறு இடத்தில்.

உரக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். நல்ல வேளை, கணக்குகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்திருந்தேன். பளபளவென்று திரை வந்தது. காபி குடித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை கடை திறந்ததும் பில் போடும் மென்பொருள் இல்லை. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பிரிண்டரும் பேசவில்லை. நடவு நேரம், கடையில் கூட்டம். மூன்று நாள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போனபோது திட்டவில்லை. "ஏம்மா, நீ கைவைக்கும்வரை மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்ததே" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

விண்டோஸையும் திரும்பப் போட்டு இரண்டையும் அருகருகே வைத்தேன். அடுத்த வாரம் மறுபடி அழைப்பு. காலை பதினோரு மணிக்கு விற்ற யூரியாவுக்கு விடியற்காலை ஐந்தரை என்று பில் அச்சாகிறது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைத்துக்கொள்ளும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸைத் திறந்து மூடியபின் விண்டோஸுக்குப் போனால் நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள ஐந்தரை மணி நேரம் பில்லில் வந்து உட்காரும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்த ஒரு கட்டளையை எந்த உரக்கடைக்காரர் தேடிக் கண்டுபிடிப்பார்?

ஆகவே 'போடுங்கள், போடுங்கள்' என்று எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்தவர் கணினியில் லினக்ஸ் போடுவது பெண்ணைக் கட்டிக்கொடுப்பது மாதிரி. தாலி கட்டியதோடு முடியாது, தலைதீபாவளியிலிருந்து சீர் செய்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வருகின்றனவா என்று சோதியுங்கள். ஒரு பக்கமாவது அச்சாகும்வரை காபிக்குக் கை நீட்டாதீர்கள். எல்லாப் பழைய கணினியும் பிழைக்கும் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் என்ற பழைய வகைக் கணினிகளுக்கு நிறுவி தருவதையே நிறுத்திவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டால், எது கெட்டாலும் எங்கே கெட்டது என்று போய்ப் பார்க்க முடிகிறது, அதனால்தான்.

இப்போதும் ஒன்று பிடிபடவில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் திரையில் தெரியும் அம்புக்குறி தானாக இடது மூலைக்கு ஓடுகிறது. தொடுதளத்தை அணைத்துவிட்டு மவுஸ் மாட்டிச் சமாளிக்கிறேன். தையில் சரியாகிவிடுகிறது. மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வேறு யாருக்காவது இப்படி நடக்கிறதா?