வயிற்றில் இருந்த பிள்ளைக்கு எந்தப் பிரிவு?

ஏழு மாதக் கர்ப்பிணியை ஒருவன் வெட்டிக் கொல்கிறான். ‘ரெண்டு உசுரு போச்சே’ என்று ஊரே அழுகிறது. எஃப்.ஐ.ஆரை வாங்கிப் பார்த்தால் பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 103(1), ஒரே ஒரு கொலை. பல வழக்குகளில் பிள்ளையைப் பற்றி ‘இறந்தவர் கர்ப்பிணி’ என்ற வரியைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. இது போலீஸின் கவனக்குறைவு மட்டுமில்லை, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் கொடுத்திருக்கிற கொஞ்சத்தைக்கூட நாம் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் சட்டம். தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு மரணம் விளைவிப்பது கொலை ஆகாது என்று பி.என்.எஸ். 100-வது பிரிவின் மூன்றாவது விளக்கம் நேராகவே சொல்கிறது. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 299-வது பிரிவில் இருந்த அதே வாசகம். குழந்தையின் உடலில் ஏதாவது ஒரு பகுதி வெளியே வந்துவிட்டால் கதை மாறிவிடும். மூச்சே விடாவிட்டாலும், முழுதாகப் பிறக்காவிட்டாலும், உயிரோடிருந்த அந்தக் குழந்தையைக் கொன்றால் கொலைக் குற்றம் வரலாம். குத்துப்பட்ட தாயை அறுவை செய்து குழந்தையை உயிரோடு எடுத்து, அந்தக் காயத்தாலேயே அது ஒரு மணி நேரம் கழித்து இறந்தாலும், அதை ஒரு தனி மனித உயிரின் மரணமாக வாதாட இடம் உண்டு. உள்ளேயே இறந்தால் இல்லை.

அப்படியானால் உள்ளே இறந்த பிள்ளைக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பி.என்.எஸ். 92, பழைய தண்டனைச் சட்டத்தில் 316. ஒரு செயலால் ஒருவர் இறந்திருந்தால் அது மரணம் விளைவித்த குற்றமாகும் என்ற நிலையில், அதே செயலால் வயிற்றில் உயிர்த்துடிப்போடு இருந்த பிள்ளை இறந்தால், 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும். பிரிவின் கீழே உள்ள உதாரணத்தில் தாய் பிழைத்துக்கொள்கிறாள், பிள்ளை மட்டும் இறக்கிறது. அதைப் படித்துவிட்டு ‘தாய் செத்துட்டா இந்தப் பிரிவு வராது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரிவின் வாசகத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. தாய்க்கு 103, பிள்ளைக்கு 92, இரண்டையும் சேர்த்தே போடலாம். சில இடங்களில் 92-க்குப் பதிலாக 89-ஐப் போட்டுவிடுகிறார்கள். அது சம்மதமில்லாமல் கருவைக் கலைத்ததற்கான பிரிவு. கருவைக் கலைப்பது அவன் நோக்கமே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தால் அரசுத் தரப்பு தடுமாறும்.

92-ல் சிக்கல் ‘உயிர்த்துடிப்போடு’ என்ற சொல்லில்தான். தாய் பிள்ளையின் அசைவை உணரும் கட்டத்தைத்தான் அந்தக் காலத்தில் இப்படிச் சொன்னார்கள், சுமார் 16 முதல் 20 வாரம். இதை நிரூபிக்கிற இடம் நீதிமன்றம் இல்லை, பிணவறை. பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் ‘கர்ப்பப்பை: கருவுற்ற நிலை’ என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டால் 92 அங்கேயே செத்துவிட்டது. உடலை எரித்த பிறகு யாராலும் எதையும் அளக்க முடியாது.

என்ன எழுதியிருக்க வேண்டும்? உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நீளம், எடை, ஆணா பெண்ணா, நஞ்சுக்கொடியின் நிலை, பிள்ளையின் உடலில் காயம் உண்டா. நீளத்தை வைத்தே மாதம் சொல்லலாம். ஐந்து மாதத்துக்கு மேல் சென்டிமீட்டரை ஐந்தால் வகுத்தால் மாதம் கிடைக்கும், 35 செ.மீ. என்றால் ஏழு மாதம். அதற்குக் கீழே வர்க்கமூலம், 16 செ.மீ. என்றால் நாலு மாதம். எலும்பும் பேசும். குதிகால் எலும்பில் எலும்பாக்கப் புள்ளி (குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் இடம்) ஐந்தாம் மாதவாக்கில் தெரியும், தொடை எலும்பின் கீழ்முனையில் ஒன்பதாம் மாதவாக்கில். அடுத்தது, தாய் தாக்கப்படும்போது பிள்ளை உயிரோடிருந்ததா? ‘ஏற்கெனவே வயித்துலயே செத்துப்போன பிள்ளை’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பிள்ளை இறந்து ஒரு நாளுக்கு மேல் உள்ளே கிடந்திருந்தால் தோல் ஊறிக் கழன்றிருக்கும். அப்படி இல்லை என்பதை டாக்டர் எழுதி வைத்தால் அந்தக் கேள்வி எடுபடாது. தகப்பன் யார் என்பதே கொலைக்குக் காரணமாக இருக்கக்கூடிய வழக்கில் டி.என்.ஏ. மாதிரியும் எடுக்க வேண்டும். அதை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடக் கூடாது, டி.என்.ஏ. கெட்டுவிடும்.

குடும்பத்தார் கையிலும் ஆதாரம் இருக்கும். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), கிராம சுகாதார செவிலியர் பதிவு, கடைசி மாதவிடாய் தேதி எழுதிய தாய் சேய் நல அட்டை, இதயத்துடிப்பு குறித்த ஸ்கேன் ரிப்போர்ட். நகலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையிலும் கொடுங்கள். முதல் எஃப்.ஐ.ஆரில் 92 இல்லாவிட்டாலும் பிரிவு மாற்ற அறிக்கை மூலம் பின்னால் சேர்க்கலாம். அதை எழுத்தில் மனுவாகக் கேட்க வேண்டும், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

‘எப்படியும் ஆயுள் தண்டனை, இதுல 92 எதுக்கு’ என்கிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க முடியாது, ஆனால் குறிப்பிட்ட ஆண்டுச் சிறையை முதலில் கழித்துவிட்டு அதன் பிறகு ஆயுள் தொடங்கட்டும் என்று உத்தரவிடலாம். ஆக, 92-க்கான 10 ஆண்டை முன்னால் வைக்க முடியும். அரசு வக்கீல் கேட்டால்தான் நடக்கும்.

கருவை ‘மனிதர்’ என்றே சட்டத்தில் அறிவித்துவிடலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அது கர்ப்பிணியின் மீதே திரும்பும். அமெரிக்காவின் அலபாமாவில் வயிற்றில் சுடப்பட்டுப் பிள்ளையை இழந்த பெண் மீதே, சண்டையை ஆரம்பித்தவள் அவள்தான் என்று சொல்லி, 2019-ல் பிள்ளையின் மரணத்துக்காகக் குற்றம் சாட்டினார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகே கைவிட்டார்கள். அதே நாட்டின் 2004-ம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் கருவுக்கு நேரும் தீங்கைத் தனிக் குற்றமாக்கினாலும், சம்மதத்துடன் நடக்கும் கருக்கலைப்பு, மருத்துவச் சிகிச்சை, கர்ப்பிணியின் சொந்தச் செயல் மூன்றையும் வெளியே வைத்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு வேலி போட்ட தனிக் குற்றம் போதும். தாயைக் கொல்லும்போது பிள்ளையும் இறந்தால் தண்டனை ஆயுள் வரை உயர வேண்டும். ‘துடிப்பு’ என்ற பழைய அளவுகோல் போய், மருத்துவ ஆதாரம் வர வேண்டும். 2023-ல் சட்டத்தையே மாற்றி எழுதியவர்கள் இந்தப் பிரிவுக்கு எண்ணை மட்டும்தான் மாற்றினார்கள்.

விபத்தில் நிலைமை இன்னும் மோசம். எட்டு மாதக் கர்ப்பிணி மேல் லாரி ஏறினால், அலட்சிய மரணத்துக்கான 106 தாய்க்கு மட்டும்தான். 92-க்குள் அலட்சியம் வராது. பிள்ளைக்கு ஏதாவது கேட்க முடிகிற இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான். டெல்லி உட்பட சில உயர் நீதிமன்றங்கள் பிறக்காத பிள்ளைக்கும் தனியாக இழப்பீடு கொடுத்திருக்கின்றன. ஆகவே தாய்க்கான மனுவில் ஒரு வரியாக நுழைக்காமல், பிள்ளைக்கென்று தனிக் கோரிக்கையும் தனித் தொகையும் எழுதச் சொல்லுங்கள். அங்கேயும் முதலில் கேட்கப் போவது அந்தப் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழைத்தான்.