"பட்டை இருக்கா?"

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது, இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. இன்று காலை அந்த ரிசார்ட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது: "உங்கள் ஆன்மிக ஓய்வு எப்படி இருந்தது?" கேட்டுவிட்டார்கள் இல்லையா, சொல்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. ஒரு காலத்தில் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டரும் வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்தவர். இன்று வாசற்படி இறங்கவே கை பிடிக்க வேண்டும். "ஒரே ஒரு தடவை கார்த்திகை தீபத்தை அங்கேயே இருந்து பார்த்துடணும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தீபத்தன்று திருவண்ணாமலைக்குள் வெளியூர் வண்டி நுழைய முடியாது. ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையத்தோடு சரி. லட்சக்கணக்கான கூட்டத்தில் அம்மாவை நிறுத்தவும் முடியாது. அதனால்தான் முதல் நாளே போய் இறங்கிவிடலாம் என்று கிரிவலப் பாதையை ஒட்டிய இந்த ரிசார்ட்டைப் பிடித்தோம். "அறையிலிருந்தே மகா தீப தரிசனம், மன அமைதி, முழு ஓய்வு." படத்தில் பால்கனி, எதிரே மலை, உச்சியில் தீபம். ஓர் இரவுக்கு 14,000 ரூபாய். விழாக்காலம் என்பதால் மூன்று இரவுக்குக் குறைந்து தரமாட்டார்களாம். அதற்கு மேல் 18 சதவீதம் வரி. மொத்தம் 49,560. முழுப் பணமும் முன்கூட்டியே, ரத்து செய்தால் ஒரு பைசா திரும்ப வராது.

போனோம். பால்கனி இருந்தது. பால்கனிக்கு எதிரே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாங்கும் துருப்பிடித்த இரும்புச் சட்டம், பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது ஓரமாகச் சாய்ந்து எட்டினால் மலையின் தோள்பட்டை கொஞ்சம் தெரியும். உச்சி தெரியாது. வரவேற்பில் கேட்டால், "மலை தெரியுதுல்ல மேடம்?" என்கிறார்கள். மலை தெரிகிறது. தீபத்தைத் தோளிலா ஏற்றுகிறார்கள்?

மன அமைதியைப் பற்றி என்ன சொல்ல. விடிகாலை ஐந்து மணிக்கு நடைபாதை ஒலிபெருக்கியில் ஆரம்பிக்கும் பதிவு செய்த மந்திரம் ராத்திரி பதினொன்று வரை ஓயாது. அறைக்குள் அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது. தியான மண்டபத்தை ஏதோ ஒரு கம்பெனி கூட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். தீபத்துக்காகத்தானே வந்தோம் என்று பொறுத்துக்கொண்டோம்.

இனி அந்த இருபத்தைந்து நிமிடத்தைச் சொல்கிறேன். ஒரு நிமிடத்தையும் விடப் போவதில்லை.

5.35. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, தீபம் பார்த்துத்தான் சாப்பாடு. புதுப் புடவை கட்டி, விபூதி பூசி, தயாராக உட்கார்ந்திருந்தார். மொட்டை மாடியிலிருந்து உச்சி நன்றாகத் தெரியும் என்று அறையைக் கூட்ட வந்த பெண் சொல்லியிருந்தார். கிளம்பினோம். லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் படி. 22 படி. நான் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம். ஒவ்வொரு படிக்கும் அம்மா இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. 5.46க்கு மேலே சேர்ந்தோம்.

அங்கே சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு முன்னால் கையில் வாக்கி டாக்கியோடு ஒரு பையன். அம்மாவைப் பார்த்து, "பட்டை இருக்காம்மா?" என்றான்.

அம்மா நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "காலையிலேயே போட்டுட்டேனேப்பா."

அவன் கேட்டது கையில் கட்டுகிற மஞ்சள் பட்டை. அந்த ரிசார்ட்டில் கட்டடங்களுக்கு அஷ்ட லிங்கங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நிருதி. மொட்டை மாடி குபேரனில் தங்கியவர்களுக்கு மட்டுமாம். கிரிவலம் போகிறவன் எட்டு லிங்கத்தையும் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறான். லிங்கத்துக்கு லிங்கம் கட்டணம் வைத்துத் தரம் பிரிக்கும் தைரியம் இவர்களுக்கு எப்படி வந்தது?

கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். இரண்டு வரிசை காலி. நான் எண்ணினேன், பதினாறு. "அம்மாவை மட்டுமாவது உட்கார விடுப்பா, நாங்க கீழேயே நிக்கிறோம்" என்றேன். வாக்கி டாக்கியில் கேட்டான். "கீழ ரிசப்ஷன்ல பேசிக்கச் சொல்றாங்க மேடம்." மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் விருந்தினரோடு இருக்கிறாராம். அப்படியானால் நாங்கள் யார்?

5.51. அம்மாவைப் படிக்கட்டிலேயே உட்கார வைத்துவிட்டு நான் கீழே ஓடினேன். வரவேற்பில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு 2,500 கட்டினா இப்பவே பட்டை கட்டிடலாம் மேடம்" என்றார். சண்டை போட நேரமில்லை. சரி, அம்மாவுக்கு மட்டும் கட்டித் தொலைக்கிறேன் என்று போனை எடுத்து கியூஆர் அட்டையில் காட்டினேன். ஊர் முழுக்கக் கூட்டம், சிக்னல் எங்கே வரும்? வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது. கார்டு இயந்திரமும் அதே கதை. "நாளைக்கு அறைக் கணக்கில் சேர்த்துக்கோங்க" என்றால், "சிஸ்டம்ல பணம் ஏறினாதான் பட்டை தர முடியும்" என்கிறார். 49,560 ரூபாயை முன்பணமாக வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு என் அம்மாவை நம்பி ஒரு காகிதப் பட்டை தர முடியவில்லை.

5.57. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் இவரும் லிஃப்டிலிருந்து இறங்கி வருகிறார்கள். அந்த 22 படியையும் இறங்கி வந்திருக்கிறார். "விடு, அந்தப் பையன் என்ன செய்வான். டிவியில பார்த்துக்கறேன்" என்று வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அங்கே நேரலை ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்காவது கூட்டிப் போகலாம் என்றால் கதவிலிருந்து தெருவரை கால் வைக்க இடமில்லை.

வெளியே திடீரென்று ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா" என்று அலறியது. வெடிச் சத்தம். தலைக்கு மேலே மாடியில் காலடிச் சத்தம். டிவியில் அர்த்தநாரீசுவரர் அப்போதுதான் ஆடி வந்துகொண்டிருந்தார். நேரலை சில நொடி பின்தங்கித்தானே வரும். வருடத்தில் ஒரே ஒரு தடவை, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வெளியே வரும் மூர்த்தி. அவர் வந்ததும்தான் மலையில் தீபம். என் அம்மா அந்த மலையடியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஊர் கும்பிட்டு முடித்த பிறகு, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இதை எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பைசா செலவில்லாமல் பார்த்திருக்கலாமே!

அப்புறம் அந்த மேலாளர் வந்தார், எல்லாம் முடிந்து ஆறரைக்கு. நான் கத்தினேன், ஒளிக்கவில்லை. அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தீபம் பதினோரு நாள் எரியும் மேடம், நாளைக்குக் கூட பார்த்துக்கலாம்."

பதினோரு நாள் எரியும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆறு மணிக்கு ஏற்றுவதைப் பார்க்கத்தான் லட்சம் லட்சமாக சனம் வருகிறது. 2,668 அடி மலை. ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரிக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடா துணி. கொப்பரையை ஆட்கள் தோளில் சுமந்தே மேலே கொண்டு போகிறார்கள். பர்வத ராஜ குலத்தார் தலைமுறை தலைமுறையாக ஏற்றுகிறார்கள். நெய்க்குப் பணம் கொடுப்பவர்கள் பக்தர்கள். இதில் இந்த ரிசார்ட் ஊற்றியது ஒரு சொட்டு உண்டா? கோயிலுக்குள் போக முடியாதவனுக்கும், பல மைல் தள்ளி வயல் வரப்பில் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்றுதானே அத்தனை உயரத்தில் ஏற்றுகிறார்கள்? அந்த வெளிச்சத்துக்கு நடுவில் கயிறு கட்டிக் காசு கேட்பது வியாபாரம் இல்லை, வழிப்பறி.

இன்னும் முடியவில்லை. மலையில் தீபம் தெரிந்ததும் வீட்டில் விளக்கேற்ற வேண்டும். அம்மா ஊரிலிருந்து ஐந்து அகல் கொண்டு வந்திருந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்து வந்தவை. பால்கனியில் வரிசையாக வைத்து, திரியை எண்ணெயில் நனைத்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டினார்கள். அறையில் நெருப்புக்கு அனுமதி இல்லையாம். பதிலுக்கு ஒரு தட்டில் ஐந்து பிளாஸ்டிக் அகல் கொடுத்தார்கள். அடியில் பொத்தான், உள்ளே விட்டு விட்டு எரியும் ஆரஞ்சு பல்பு. கார்த்திகை தீபத்தன்று, திருவண்ணாமலையில், விளக்கேற்றக் கூடாது! அம்மா அந்தத் தட்டைத் தொடவே இல்லை. எண்ணெயைத் துடைத்து, தன்னுடைய அகல்களை மறுபடி அதே காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அதைப் பார்த்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

கடைசியாக ஒன்று, இதற்கும் தீபத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்று நாளும் காலையில் காபி கிடையாது. "ஆன்மிகச் சூழல்" என்பதால் காபி வைப்பதில்லையாம், மூலிகைத் தேநீர்தானாம். காபி குடித்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்வார் என்று இவர்களுக்கு யார் சொன்னது? கிளம்பும் அன்று விடிகாலை நான் கேட்டுக்கு வெளியே வந்து நூறடி நடந்தேன். ஒரு அம்மா தள்ளுவண்டியில் நுரை பொங்க ஆற்றிக்கொண்டிருந்தார். கிரிவலம் முடித்து வந்தவர்கள் காவித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர் பதினைந்து ரூபாய். என் அம்மாவுக்கும் ஒன்று பார்சல் வாங்கிக்கொண்டு வந்தேன். வெளி உணவு உள்ளே அனுமதி இல்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.