நுரையீரல் புற்றுநோய்: பெண்கள் ஆண்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்களா?

அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் வந்தால் ஆண்களைவிடப் பெண்கள்தான் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று இணையத்தில் ஒரு பதிவு சொல்கிறது. பலர் அப்படியே பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்: நிலைமை நேர்மாறானது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருப்பவர்களின் விகிதம் அங்கே பெண்களிடம்தான் அதிகம்.

குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம். 1987 முதல் அமெரிக்கப் பெண்களை அதிகம் பலிவாங்கும் புற்றுநோய் இதுதான். மார்பகப் புற்றுநோயையும் முந்திவிட்டது. அது உண்மை. ஆனால் அது பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கு இடையிலான ஒப்பீடு, ஆண்களோடு ஒப்பிட்டதல்ல. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2024க்குத் தந்த மதிப்பீட்டில்கூட, இந்த நோயால் இறப்போர் ஆண்களில் சுமார் 65,800, பெண்களில் சுமார் 59,300.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ‘சியர்’ (SEER) தரவுத்தளம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதத்தை ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள். அப்புறம் நோயின் கட்டத்தையும் மாற்றிப் பாருங்கள். நுரையீரலைத் தாண்டிப் பரவாத கட்டத்திலேயே இடைவெளி தெரியும். பெண்கள் பொதுவாகவே அதிக காலம் வாழ்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே இருப்பது அதே வயது, அதே பாலினப் பொதுமக்களோடு ஒப்பிட்ட விகிதம்; அந்த வேறுபாடு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது.

பதிவிட்டவர் அந்த ஒரு வரியைத் திருத்தினால் நல்லது. சிகிச்சையில் இருக்கும் பெண்களும் இதைப் படிக்கிறார்கள்.