சிமென்ட்டைச் சேர்க்காமல் என்ன ‘கார்பன் நியூட்ரல்’?

ஒரு புது அலுவலகக் கட்டடம் ‘கார்பன் நியூட்ரல்’, அதாவது அதனால் காற்றில் சேரும் கார்பன் மொத்தத்தில் பூஜ்யம், என்று ஒரு போஸ்டர் போட்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து அதை எனக்கு டேக் செய்துகொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். அதன் கீழே நான் கேட்டதையும் வந்த பதிலையும் உங்களில் பலர் பார்த்தீர்கள். “கட்டடத்துக்குப் போன சிமென்ட்டும் கம்பியும் இந்தக் கணக்கில் இருக்கிறதா?” அவ்வளவுதான் கேட்டேன். “நல்லது நடந்தால் சிலருக்குப் பொறுக்காது” என்றார்கள் போஸ்டர் போட்டவர்கள். கொஞ்ச நேரத்தில் என் கமெண்ட்டையே காணோம்.

சரி, இங்கே கேட்கிறேன்.

மொட்டை மாடியில் சோலார், எல்லா அறையிலும் எல்இடி என்கிறது போஸ்டர். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது கட்டடம் திறந்த பிறகு ஆகிற மின்சாரத்தின் கணக்கு. கட்டி முடிப்பதற்குள்ளேயே காற்றில் கலந்த கார்பன் எங்கே போனது? மண்டபத்து கரண்ட் பில்லை மட்டும் காட்டி, கல்யாணச் செலவே இவ்வளவுதான் என்றால் பெண்ணைப் பெற்றவர் ஒத்துக்கொள்வாரா?

சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது, எரிபொருளின் புகை ஒரு பக்கம் இருக்க, அந்தக் கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியேறுகிறது. ஆலை வெளியிடுவதில் பாதிக்கு மேல் அதுதான். என்ன எரிபொருள் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. உலகம் முழுக்க வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. இதை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குக் கார்பன் கணக்கு போட்டேன் என்றால், அது கணக்கே இல்லை.

“சைட்டில் டேட்டா கிடைக்காது சார்” என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். எனக்குக் கோபம் வந்ததே இங்கேதான். நான் கட்டுமான சைட்டில் பில்லிங் பார்க்கிறவன். ஆலையிலேயே கலந்து வரும் ஆர்எம்சி கான்கிரீட் லாரி ஒவ்வொன்றோடும், அதில் என்ன கலந்தார்கள் என்று சொல்லும் பேட்ச் ஸ்லிப் வருகிறது. சிமென்ட் எத்தனை கிலோ, ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல்) எத்தனை கிலோ, எம் சாண்ட், ஜல்லி, தண்ணீர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஸ்டோரில் அவற்றை ஒரு கட்டுக்கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். பாதித் தாளில் டீக்கறை இருக்கும், ஆனால் எண்கள் தெளிவாகத் தெரியும். 6 கன மீட்டர் எம்30 தர கான்கிரீட் என்றால் சுமார் 2 டன் சிமென்ட். முழுக்க ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட், போட்டிருந்தால் அந்த ஒரு லாரிக்கே ஒன்றரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அந்தச் சிமென்ட்டில் 30 சதவீதத்துக்குப் பதிலாக ஃப்ளை ஆஷ் போட்டால் கார்பனும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். கான்கிரீட் கட்டியை ஏழாம் நாள் உடைத்துப் பார்க்கிற கியூப் டெஸ்ட்டில் பலம் கொஞ்சம் குறைவாக வரும், ஷட்டரிங் பலகையைப் பிரிக்கச் சில நாள் தள்ளிப்போகும். அந்தச் சில நாளுக்காகத்தான் பல இடங்களில் வேண்டாம் என்கிறார்கள்.

ஜெனரேட்டரும் ஜேசிபியும் குடிக்கிற டீசல் லாக் புக்கில் இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பெருக்க வேண்டியதுதான். கம்பிக்கு எடைச்சீட்டு இருக்கிறது. பில் பாஸ் பண்ணும்போது இதே தாள்களை வைத்து அரை கன மீட்டர் குறைந்தாலும் பிடித்துவிடுகிறீர்களே, அப்போது மட்டும் டேட்டா எங்கிருந்து வருகிறது?

“கோடிக்கணக்கான பேருக்கு வீடில்லாத நாடு, முதலில் பணக்கார நாடுகள் குறைக்கட்டும்” என்பார்கள். நியாயம்தான், வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் போஸ்டரில் இருப்பது வீடில்லாதவருக்குக் கட்டிய வீடா? நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அலுவலகம். அப்புறம், டென்மார்க்கில் 2023 முதல் 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு, பொருள்களின் கார்பனையும் சேர்த்து உச்சவரம்பே வைத்துவிட்டார்கள். நான் வரம்பு கூடக் கேட்கவில்லை. எண்ணிச் சொல்லுங்கள் என்கிறேன்.

இவ்வளவு வலிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பு ஒரு சைட்டில் என்னோடு ஒரு பெண் வேலை பார்த்தாள், டிப்ளமோ முடித்த கையோடு வந்தவள். யாரும் சொல்லாமலே, அந்தக் கம்பியிலிருந்து ஸ்லிப்புகளை உருவி, மாடி வாரியாகக் கார்பனைக் கூட்டி, ரிப்போர்ட்டில் சேர்க்க ஒரு ஷீட் போட்டாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு உட்கார்ந்து செய்த வேலை. ரிப்போர்ட் பார்த்த பெரியவர், “இது கிளார்க் வேலைம்மா, நம்பரும் பெரிசா தெரியுது, எடுத்துடு” என்றார். எடுத்துவிட்டார்கள். “நான் போட்டது தப்பாண்ணா?” என்று என்னிடம் கேட்டாள். மறுபடி முழுக்கக் கூட்டிப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. அதே ரிப்போர்ட்டின் அட்டையில் பச்சை இலை மட்டும் பெரிதாக இருந்தது. நேற்று என் கமெண்ட் காணாமல் போனபோது எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. எண்ணிச் சொல்கிறவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள் என்றால், இனி எந்தப் பிள்ளை சைட்டில் உட்கார்ந்து எண்ணும்?

போஸ்டர் போட்டவர்களே, உங்கள் பேட்ச் ஸ்லிப்பையும் கம்பி செலானையும் அனுப்புங்கள். அவளும் நானும் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம், காசு வேண்டாம். வருகிற எண் எதுவானாலும் அதே போஸ்டரில், அதே எழுத்தளவில் போடுங்கள்.