மூணு மதம், மூணு நிறம்: அது பழைய கணக்கு

ஆகஸ்ட் பிறந்தால் போதும், நாகர்கோவில் வாட்ஸ்அப் குழுக்களில் தேசியக் கொடிப் படம் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். காவி கோயிலுக்கு, வெள்ளை சர்ச்சுக்கு, பச்சை பள்ளிவாசலுக்கு. மூன்றும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிற மாவட்டம் நம்முடையது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கொடியின் பொருள் அது இல்லை. பேசிப் பார்த்து, வேண்டாம் என்று கைவிட்ட பொருள்.

1921-இல் காந்தி முன்வைத்த கொடியில் இந்தக் கணக்கு இருந்தது: சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற எல்லாருக்கும். எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். நியாயம்தானே? ஆளுக்கொரு பட்டை வைத்தால் கொடி ஜமுக்காளம் ஆகிவிடும். 1931-இல் காங்கிரஸ் போட்ட ஏழு பேர் குழு, முழுக்கக் காவி, அதில் ஒரு ராட்டை போதும் என்றது. அதுவும் எடுபடவில்லை. கடைசியில் காவி, வெள்ளை, பச்சை. நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தார்கள்.

1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றபோது சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சொன்ன விளக்கம் இது: காவி, பதவியில் இருப்பவருக்கு வேண்டிய பற்றின்மை, வெள்ளை, உண்மையின் ஒளி, பச்சை, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. (அன்று நம் பக்கம் பறந்தது திருவிதாங்கூரின் சங்குக் கொடி. சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்ததே அந்த மாதக் கடைசியில்தான்.) ராட்டை போய்ச் சக்கரம் வந்ததற்கு ஒரு தையல்காரக் காரணமும் உண்டு. ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். துணியின் பின்பக்கம் பார்த்தால் இடம் மாறித் தெரியும். சாரநாத் சக்கரத்தின் 24 ஆரக்காலுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை.

வாங்கும்போது அளவையும் பாருங்கள். நீளத்துக்கும் உயரத்துக்கும் 3:2. 900 × 600 மில்லிமீட்டர் கொடியில் சக்கரம் 185 மில்லிமீட்டர். சக்கரம் முட்டை வடிவில் அச்சாகியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இனி கட்டுவது. ஆகஸ்ட் 15-க்குக் கொடி கீழிருந்து ஏறவேண்டும். உச்சியில் கட்டிவைத்து அவிழ்ப்பது ஜனவரி 26 வழக்கம். இரண்டு நாளிலும் சுருட்டிக் கட்டிய கொடி அவிழாமல் மானம் போவது முடிச்சால்தான். பூவிதழை ஒரு கைப்பிடிக்குமேல் வைக்காதீர்கள். சுருட்டிய கொடியைக் கயிற்றால் இரண்டு சுற்று சுற்றி, நுனியை முழுக்க இழுக்காமல் மடித்துச் செருகினால் போதும், ஒரே இழுப்பில் உருவிவிடும். முழு முடிச்சுப் போட்டால் சாரலில் நூல்கயிறு ஊறி இறுகிவிடும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். கயிற்றில் மரக்கட்டை கோத்த முனை காவிப் பக்கம், அது எப்போதும் மேலே. இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் தலைகீழாகப் பறக்காது.

ஆரல்வாய்மொழிக் காற்று முதலில் பிய்ப்பது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தை. அங்கே இரட்டைத் தையல் போடுங்கள். 2022 முதல் வீட்டில் இரவிலும் பறக்கவிடலாம். அதற்காகக் கிழியும்வரை விட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. நைந்த கொடியைக் குப்பையில் போடக்கூடாது. யாரும் பார்க்காத இடத்தில் முழுதாக எரித்துவிடுங்கள், விதியே அப்படித்தான் சொல்கிறது.