நோகாது என்று சொல்ல மாட்டேன்

வருகிற திங்கட்கிழமை முதல் சிறுவர் வாட்டு ஒன்றில் எனக்குக் களப்பயிற்சி. உளவளத்துணை படிக்கும் மாணவியாக, நோயில் கிடக்கும் பிள்ளைகளோடு கூட இருக்கப் போகிறேன். நகம் வெட்டியாயிற்று. மோதிரத்தையும் காப்பையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தடுப்பூசி அட்டையையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இவையெல்லாம் ஒரு நாள் வேலை. ஒரேயொரு சொல்லை வாயில் வரவிடாமல் பழகுவதற்குத்தான் மாதக்கணக்காகிறது.

ஏழு வயதில் கடும் காய்ச்சலோடு என்னை வாட்டில் மறித்தார்கள். "நோகாது மகள், எறும்பு கடித்ததுபோல இருக்கும்" என்றார் ஒருவர். நொந்தது. கையை இழுத்தேன்; நான்கு பேர் அமர்த்திப் பிடித்தார்கள். ஊசியின் வலி அன்று பின்னேரமே போய்விட்டது. ஆனால் அடுத்த மூன்று நாளும் வெள்ளை உடுப்போடு வந்தவர் தண்ணீர் நீட்டினாலும் நான் வாங்கவில்லை. விடியவிடிய நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அந்தச் சொல்தான் பிழை.

வாட்டுக்கு வருமுன்பே பிழையை நாம் வீட்டில் தொடங்கிவிடுகிறோம். "சோறு தின்னாவிட்டால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவிப்பேன்" என்று மிரட்டாத வீடு நம் ஊரில் எத்தனை? நான்கைந்து வயதுப் பிள்ளை, தான் செய்த குழப்படிக்குத்தான் நோய் வந்தது என்று எளிதாக நம்பிவிடும். அந்தப் பிள்ளையிடம் ஊசியைத் தண்டனையென்று சொல்லி வளர்த்துவிட்டு, வாட்டில் வந்து ஏன் அலறுகிறாய் என்று கேட்கிறோம். இந்த மிரட்டலை விடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உண்மையைச் சொன்னால் பிள்ளை பயப்படும் என்பார்கள். சொல்லாமல் விட்டாலும் பயப்படும். கையில் ஏற்றியிருக்கும் கனூலாவுக்குள் ஊசி அப்படியே குத்திக்கொண்டு இருக்கிறது என்று நினைத்து, இரவு முழுக்கக் கையை அசைக்காமல் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. ஊசியை அப்போதே வெளியே எடுத்துவிடுவார்கள், உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். டெங்குப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். தன் இரத்தம் முடிந்துவிடுமோ என்ற அதன் பயத்துக்கும் பதில் வேண்டும். தாய்க்கும் விளக்கம் வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் "சுகம்தானே, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தாருங்கள்" என்று அவர் நிற்பார். டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிற ஆபத்தான நேரம் பெரும்பாலும் அந்தக் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. மருத்துவம் சார்ந்த பதில் என் வாயிலிருந்து வரக்கூடாது. கேள்வியைக் கேட்டு, உரிய தாதியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே என் வேலை.

"படித்துப் படித்துக் கடைசியில் பிள்ளைகளோடு விளையாடவா போகிறாய்?" என்று மாமா கேட்டார். ஆம் மாமா, விளையாடத்தான். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எம்மா பிளாங்க் என்ற பெண்மணி 1955இல் இதையே வைத்தியசாலைப் பணியாகத் தொடங்கினார். விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்லும் ஐ.நா. சமவாயத்தை நம் நாடு 1991இல் ஏற்றது. அவ்வளவு தூரம் போவானேன்? யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பு நகரிலேயே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருந்து களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் மனதை ஆற்றிக்கொண்ட இடம் அது.

என் பையில், தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும் கொக்கான் காய்கள் இருக்கின்றன. ஒரு கையில் சேலைன் ஏறினாலும் மற்றக் கையால் விளையாடலாம். சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடக்கூடும் என்பதால் அவற்றைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பேன். பஞ்சுப் பொம்மை வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடிய பொருள்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குமிழி ஊதும் போத்தல் ஒன்றும் வைத்திருக்கிறேன். நீளமாக ஊதும்போது உடல் தளரும், கண்ணும் ஊசியை விட்டு விலகும்.

தாய்மாரையும் நினைக்கிறேன். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி வந்து, மற்றப் பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு, கதிரையிலேயே மூன்று இரவு இருப்பவர்கள். ஒரு தேநீர் குடித்து முகம் கழுவிவர அவர்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்படி பிள்ளையோடு இருந்தால், அதுவே பெரிய வேலை.

இன்னொன்று. வாட்டில் எடுத்த படம் எதையும் என் சமூக ஊடகப் பக்கத்தில் காணமாட்டீர்கள். குழாய் மாட்டிய பிள்ளையின் முகத்தைப் போட்டுப் பிரார்த்தனை கேட்பவர்கள், அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும் நாளையும் நினைக்க வேண்டும்.

நேற்று அக்காவின் மகனிடம் ஒத்திகை பார்த்தேன். ஐந்து வயது. பொம்மையின் கையில் குழாயை ஒட்டி, "குத்தும்போது நோகும். பத்து எண்ணுவதற்குள் குறையும். அழலாம், கையை மட்டும் அசைக்கக்கூடாது" என்றேன். யோசித்துவிட்டு, "அம்மாவின் மடியில் இருக்கலாமா?" என்று கேட்டான். திங்கட்கிழமை அந்தக் கேள்வியைத்தான் முதலில் வாட்டுப் பொறுப்பாளரிடம் கேட்கப் போகிறேன்.