மோகாவ் குகைகளும் வணிகர்களும்

சீனாவின் சீயான் நகரிலிருந்து துன்ஹுவாங் வரையிலான பட்டுப்பாதைப் பயணத்தை விவரிக்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அது, துன்ஹுவாங் அருகே பாறையில் குடையப்பட்ட பௌத்தக் கோயில்களான மோகாவ் குகைகளைத் துறவிகளின் படைப்பாக மட்டுமே காட்டுவது எனக்குக் குறையாகப் படுகிறது. கி.பி. 366இல் ஒரு துறவி முதல் குகையைக் குடைந்தார் என்பது மரபு. ஆனால் அதன்பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்தப் பாறைச்சரிவில் பணி தொடர்ந்ததற்கு ஆட்சியாளர்களும் உள்ளூர்ப் பெருங்குடும்பங்களும் வணிகர்களும் கொடுத்த பொருளே காரணம். கொடையாளர்களின் உருவங்கள் சுவர்களின் அடிப்பகுதியில் வரிசையாகத் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

தாங் அரசமரபின் காலத்தைச் சேர்ந்த 45ஆம் குகையைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். வாளேந்திய கொள்ளையர் வழிமறிக்க, சரக்கைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்கும் அயல்நாட்டு வணிகர்கள் அங்கே தீட்டப்பட்டுள்ளனர். கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் பெயரைச் சொன்னால் வழிப்பறியிலிருந்து தப்பலாம் என்னும், தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் வாக்கே அக்காட்சி. பாலைவனத்தைக் கடக்கவிருந்த வணிகனுக்கு இதைவிட நெருக்கமான சமய நம்பிக்கை இருந்திருக்க முடியாது.

பழஞ்சுவடிகள் குவிந்துகிடந்த சுவடிக் குகையைப் பிரித்தானியத் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் கண்டுபிடித்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பதும் சரியன்று. 1900இல் அதைக் கண்டவர், அக்குகைகளைப் பராமரித்துவந்த வாங் யுவான்லு என்னும் தாவோயத் (சீனாவின் பழஞ்சமயங்களுள் ஒன்று) துறவி. ஸ்டைன் 1907இல்தான் வந்து, சிறு தொகை கொடுத்து ஆயிரக்கணக்கான சுவடிகளை எடுத்துச் சென்றார். அவற்றுள் ஒன்றான, 868ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட வச்சிரச்சேதிகை சூத்திரம் என்னும் பௌத்த நூல் இப்போது லண்டனில் உள்ளது. ஆகவே சுவடிக் குகைக்குச் செல்பவர்கள் காணப்போவது சுவடிகள் இல்லாத ஒரு சிற்றறையையும், ஹோங்பியன் என்னும் துறவியின் சிலையையும்தான்.